இரு குழுவும் ஒரு சிரிப்பும்

நகரத்தார் நாட்டுப்புறத்தாரின் பேச்சைக் கேட்டுச் சிரிப்பதும், நாட்டுப்புறத்தார் நகரத்தாரின் நடையைக் கண்டு சிரிப்பதும் உலகெங்கும் உள்ள வழக்கம். தொல்காப்பியம் கூறும் எட்டு மெய்ப்பாடுகளுள் முதலாவதாக நிற்பது நகை. அந்நகை பிறப்பதற்குரிய காரணங்களுள் ஒன்று எள்ளல். எள்ளலை விளக்க வந்த உரையாசிரியர், பிறரை நாம் இகழ்ந்து சிரிப்பதோடு நிறுத்தவில்லை. பிறர் நம்மை இகழ்ந்தவிடத்து நாமே சிரிப்பதையும் அதனுள் அடக்குகிறார்.

இந்த இரண்டாம் வகைச் சிரிப்பு ஆராயத்தக்கது. தம்மைப் பிறர் எள்ளும்போது தாமும் சேர்ந்து சிரிப்பவர் தோற்றுப்போனவரா, வென்றவரா? இவ்வினாவிற்கு விடை காண, அச்சிரிப்பையே தொழிலாகக் கொண்ட ஒரு கிராமிய இசைக்குழுவின் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம். அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள ஜார்ஜியா மாநிலத்தில் 1926-ஆம் ஆண்டு இரண்டு குழுக்கள் இணைந்ததால் பிறந்தது அக்குழு.

மலையடிவாரத்து இசை

ஜார்ஜியாவின் வடபகுதி குன்றுகள் நிறைந்தது. பருத்தியும் மக்காச்சோளமும் அங்கு விளைந்தன. உழவர் இல்லங்களில் மாலை வேளைகளில் ஒலித்த முதன்மைக் கருவி பிடில். நம் கருநாடக இசை மேடைகளில் தரையில் அமர்ந்து வாசிக்கப்படும் வயலினும் அதுவும் ஒரே கருவிதான். அங்குள்ள உழவர்கள் அதனைத் தோளிலோ மார்பிலோ சாய்த்துக்கொண்டு, ஆடுவோரின் கால்களுக்கு ஏற்ப விரைவாக வாசித்தனர்.

பிடிலுக்குத் துணையாக நின்றது பாஞ்சோ என்னும் நரம்புக்கருவி. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள் தம் நினைவில் சுமந்து வந்த கருவிகளின் வழித்தோன்றல் அது. வெள்ளையின உழவர்களின் இசை என்று பின்னாளில் விற்கப்பட்ட இசையின் உள்ளே கறுப்பின மக்களின் கொடையும் கலந்திருந்தது என்பதற்கு இக்கருவியே சான்று.

பஞ்சாலைகளையும் தொடர்வண்டி நிலையங்களையும் கொண்ட அட்லாண்டா நகரம் கிராமத்தாரைத் தன்பால் ஈர்த்தது. பிழைப்புத் தேடி வந்தவர்கள் தம் இசையையும் உடன் கொண்டுவந்தனர். 1913-ஆம் ஆண்டு முதல் அந்நகரில் பிடில் கலைஞர்களுக்கான மாநாடும் போட்டியும் நடைபெற்றன. நகரத்துச் செய்தித்தாள்கள் அம்மாநாடுகளைப் பற்றி விரிவாக எழுதின. ஆயினும் கிராமத்தாரின் உடையையும் பேச்சையும் மிகைப்படுத்தி நகையாடும் தொனியிலேயே பெரும்பாலும் எழுதின. கலைஞர்கள் இதனை அறியாதவர் அல்லர். அவர்களுள் சிலர் அந்த நகையாட்டைத் தம் கையில் எடுத்துக்கொள்ளவும் கற்றுக்கொண்டனர்.

வானொலியும் இசைத்தட்டும்

1922-இல் அட்லாண்டாவில் டபிள்யூ.எஸ்.பி. என்னும் வானொலி நிலையம் தொடங்கப்பட்டது. அதுவரை ஒரு வீட்டு முற்றத்தளவில் ஒலித்த பிடில் இசை, பல மாநிலங்களில் ஒரே நேரத்தில் கேட்டது. அடுத்த ஆண்டு ஓகே என்னும் கம்பெனி, ஜான் கார்சன் என்ற பிடில் கலைஞரின் பாட்டை அட்லாண்டாவிலேயே பதிவு செய்தது. பஞ்சாலையில் வேலை செய்து பழகிய அவருடைய கரகரத்த குரலை நகரத்தார் விரும்பமாட்டார்கள் என்று கம்பெனியார் எண்ணினர். அவர்களின் கணிப்பு பொய்த்தது. தட்டுகள் விற்றுத் தீர்ந்தன. நகரத்தார் வாங்காவிடினும் கிராமத்தார் வாங்குவர் என்பதை இசைத்தட்டு வணிகம் அப்போதுதான் உணர்ந்தது.

போட்டிக் கம்பெனியான கொலம்பியாவும் வாளாவிருக்கவில்லை. 1924 மார்ச்சு மாதத்தில் ஜார்ஜியாவைச் சேர்ந்த இருவரை நியூயார்க் நகருக்கு அழைத்துப் பதிவு செய்தது. அவ்விருவரே கிட் டானரும் ரைலி பக்கெட்டும்.

இரண்டு குழுக்கள்

கிட் டானர் 1885-இல் பிறந்தவர். டக்யூலா என்னும் சிற்றூரில் கோழி வளர்த்துப் பிழைத்தவர். அவருடைய பிடில் வாசிப்பு பழைய பாணியிலானது. நுட்பத்தைவிட வேகமும் ஓசையும் மிக்கது. பாட்டின் நடுவே திடீரெனக் கூவுவார். குரலை உச்சத்திற்கு ஏற்றிக் கோமாளிபோல் பாடுவார். அவர் மேடையேறினாலே கூட்டம் சிரிக்கத் தொடங்கிவிடும்.

ரைலி பக்கெட் பார்வையற்றவர். குழந்தைப் பருவத்தில் கண் நோய்க்கு இட்ட மருந்தே அவருடைய பார்வையைப் பறித்தது. மேக்கன் நகரில் உள்ள பார்வையற்றோர் பள்ளியில் பயின்றார். இனிய குரலும், கிட்டாரின் தடித்த நரம்புகளில் விரைந்தோடும் விரல்களும் அவருடைய செல்வங்கள். டானரின் கூச்சலுக்கு நடுவே பாட்டின் சொற்களைத் தெளிவாகக் கேட்கச் செய்தது பக்கெட்டின் குரலே.

மறுபுறம் நின்றவர் கிளேட்டன் மக்மிச்சன். 1900-இல் பிறந்த இவர், டானரைவிடப் பதினைந்து ஆண்டுகள் இளையவர். நகர வாழ்க்கையில் பழகியவர். பிடிலில் வழுவழுப்பான, நுட்பமான வாசிப்பை விரும்பினார். நகரத்து நடனக் கூடங்களில் அப்போது பரவிவந்த ஜாஸ் இசையும் இவரை ஈர்த்தது. இவருடைய ‘ஹோம் டவுன் பாய்ஸ்’ குழு 1922-இலேயே வானொலியில் வாசித்துப் புகழ்பெற்றது. 1925-இல் ஓகே கம்பெனிக்காகத் தட்டுகளும் பதிவு செய்தது. பக்கெட் முதன்முதலில் வானொலியில் பாடியதும் மக்மிச்சனின் குழுவோடுதான். எனவே பக்கெட் இரு தரப்புக்கும் பழக்கமானவராக இருந்தார்.

இவ்வேறுபாடுகளைக் கண்டவர் கொலம்பியா கம்பெனியின் ஃபிராங்க் வாக்கர். தனிக் கலைஞரைவிட முழு நரம்பிசைக் குழுவின் தட்டுகள் நன்கு விற்கின்றன என்பதை வட கரோலினாவைச் சேர்ந்த சார்லி பூல் குழுவின் வெற்றியால் அவர் அறிந்திருந்தார். டானரிடம் சிரிப்பு இருந்தது, நுட்பம் குறைவு. மக்மிச்சனிடம் நுட்பம் இருந்தது. டானர் எழுப்பும் ஆரவாரம் இல்லை. இரண்டையும் சேர்த்தால் என்ன என்று வாக்கர் எண்ணினார்.

1926 ஏப்பிரல் 17 அன்று அட்லாண்டாவில் டானர், பக்கெட், மக்மிச்சன், பாஞ்சோ வாசிக்கும் ஃபேட் நாரிஸ் ஆகிய நால்வரும் ஒரே ஒலிவாங்கியின் முன் கூடினர். பின்னர் மக்மிச்சனின் தோழர்களான லோ ஸ்டோக்ஸ், பெர்ட் லேன் ஆகிய பிடில் கலைஞர்களும் அவர்களோடு சேர்ந்தனர்.

பெயரிலேயே நகை

புதிய குழு ‘ஸ்கில்லட் லிக்கர்ஸ்’ என்று பெயர் பெற்றது. ஸ்கில்லட் என்பது அடி கனத்த இரும்புச் சட்டி. தென்னமெரிக்க மாநிலத்தார் என்று மயங்கவேண்டா. ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலத்து ஏழை எளியோர் சோள ரொட்டி சுட்ட சட்டி அது. லிக்கர்ஸ் என்றால் நக்குவோர். ஆகவே, ‘சட்டி நக்கிகள்’ என்பது அப்பெயரின் நேர்பொருள்.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பது நம் பழமொழி. சட்டியிலும் ஒன்றுமில்லாதவன் அதனை வழித்து நக்குவான். அத்தகைய வறியவர் என்று நகரத்தார் தம்மைச் சொல்வதற்கு முன்னரே, ‘ஆம், நாங்கள் அவர்களே’ என்று தமக்குத் தாமே பெயரிட்டுக்கொண்டனர் இக்கலைஞர்கள். மேலும், மது என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லைக் கிராமத்தார் பலுக்கும் முறையில் எழுதினால் அதுவும் ‘லிக்கர்’ என்றே வரும். ஒரு சொல் இருபொருள் தர நிற்கும் இதனை நாம் சிலேடை என்போம்.

மூன்று நிமிடத் தட்டு

அக்காலத்து இசைத்தட்டு பத்து அங்குல விட்டம் உடையது. நிமிடத்திற்கு 78 முறை சுழல்வது. ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட ஒலியே அடங்கும். இத்தட்டுகளுக்கும் நம் நாட்டிற்கும் ஓர் உறவு உண்டு. அவை அரக்கைக் கொண்டு செய்யப்பட்டன. புரசு, இலந்தை முதலிய மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசினே அரக்கு. உலகச் சந்தைக்கு அரக்கை வழங்கிய நாடுகளுள் இந்தியா முதன்மையானது; சோட்டா நாகபுரிப் பகுதிக் கிராம மக்கள் கிளைகளிலிருந்து அதனைச் சுரண்டிச் சேர்த்தனர். டானரும் பக்கெட்டும் நியூயார்க்கில் பாடிய அதே 1924-ஆம் ஆண்டில் ராஞ்சிக்கு அருகே அரக்கு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று நிறுவப்பட்டது. ஒரு நாட்டுக் கிராமத்தாரின் சிரிப்பைச் சுமக்க மற்றொரு நாட்டுக் கிராமத்தாரின் உழைப்பு உதவியது.

கொலம்பியா கம்பெனி 1925-இல் மின் ஒலிப்பதிவு முறைக்கு மாறியது. அதற்கு முன்பு, கலைஞர்கள் ஒரு பெரிய கூம்புக்குழலின் வாயருகே நெருங்கி நின்று உரக்கப் பாட வேண்டியிருந்தது. ஒலிவாங்கி வந்தபின், பல கருவிகள் ஒருசேர ஒலித்தாலும் ஒவ்வொன்றும் தெளிவாகப் பதிந்தது. பேச்சும் முணுமுணுப்பும்கூடப் பதிந்தன. இந்த மாற்றம் இல்லையேல் இக்குழுவின் நகைச்சுவை தட்டில் ஏறியிராது.

மேடையில் சிரிக்கும் கூட்டம் உண்டு, பதிவறையில் இல்லை. அக்குறையைக் கலைஞர்கள் தாமே நிறைவு செய்தனர். பாட்டின் தொடக்கத்தில் ஒருவர் நேயர்களை விளித்துப் பேசுவார். நடுவே மற்றொருவர் கூவுவார். வேறொருவர் கேலி செய்வார். இரண்டு அல்லது மூன்று பிடில்கள் ஒன்றாகப் பாய்ந்தோடும். தனித்த குடிசையில் தட்டைக் கேட்ட உழவனுக்கும், தான் ஒரு பெருங்கூட்டத்தின் நடுவே இருப்பதுபோன்ற உணர்வு உண்டாயிற்று.

நாடகத் தட்டுகள்

பாட்டோடு பேச்சையும் சேர்த்து இக்குழு உருவாக்கிய சிறு நாடகத் தட்டுகள் தனிச்சிறப்புடையவை. அவற்றுள் பெரும்புகழ் பெற்றது ‘எ கார்ன் லிக்கர் ஸ்டில் இன் ஜார்ஜியா’ என்னும் தொடர். 1927 முதல் 1930 வரை ஏழு தட்டுகளில், பதினான்கு பகுதிகளாக இது வெளிவந்தது.

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. மலைக்காட்டில் மறைவாகச் சோளச் சாராயம் காய்ச்சும் சிலர் தமக்குள் வம்பளக்கின்றனர், சண்டையிடுகின்றனர், பிடிலை எடுத்து ஒரு பாட்டு வாசிக்கின்றனர், காவலர் வருவரோ என்று நடுங்குகின்றனர். இதுவே அத்தொடரின் களம். கள்ளச்சாராயம் போற்றத்தக்கதன்று, அதனால் அழிந்த குடும்பங்கள் எந்நாட்டிலும் உண்டு. இந்நாடகத்தின் நயம் சாராயத்தில் இல்லை. சட்டத்தைக் கண்டு அஞ்சுவதும், அச்சத்தை மறைக்க வீறாப்புப் பேசுவதும், அடுத்த நொடியே பாட்டில் மயங்கி அச்சத்தை மறப்பதும் ஆகிய மனித இயல்புகளில் இருக்கிறது.

பிடில் போட்டி, தேன் எடுக்கச் செல்லுதல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, ஊர்ச்சந்தை எனக் கிராம வாழ்வின் நிகழ்ச்சிகள் பலவும் இவ்வாறு நாடகத் தட்டுகளாயின. அவற்றைக் கேட்டுச் சிரித்தவர்களுள் பெரும்பாலோர் அதே வாழ்வை வாழ்ந்த கிராமத்தார் என்பதை மறவாதிருத்தல் வேண்டும். தம் ஊர்க் கிழவரையும் தம் வீட்டுச் சண்டையையும் தட்டில் கேட்டபோது, தம் வாழ்வும் பதிவு செய்யத்தக்கது என்னும் பெருமிதம் அவர்களுக்கு உண்டாகியிருக்கும்.

சிரிப்புக்குள் பிணக்கு

வெளியே சிரிப்பு ஒலித்தபோதும் குழுவின் உள்ளே மனத்தாங்கல் இருந்தது. தட்டின் மீது ‘கிட் டானரும் அவருடைய ஸ்கில்லட் லிக்கர்ஸ் குழுவும்’ என்றே அச்சிடப்பட்டது. துணையாகப் பக்கெட்டின் பெயர் நின்றது. இசையின் பெரும்பொறுப்பைத் தாங்கிய மக்மிச்சனுக்கு இது வருத்தம் தந்தது. பின்னர் வந்த தட்டுகளில் அவருடைய பெயரும் சேர்க்கப்பட்டது.

பெயரைவிடப் பெரிய பிணக்கு இசையைப் பற்றியது. தம் விரல்களின் திறமை டானரின் கூச்சலில் மறைந்துபோவதாக மக்மிச்சன் கருதினார். நாட்டுப்புறத்தான் என்றால் கோமாளி என்ற எண்ணத்தை உடைத்து, நவீன இசைக் கலைஞராக மதிக்கப்பட வேண்டும் என்பதே அவர் விழைவு. மலைநாட்டுப் பட்டிக்காட்டான் என்ற பொருளுடைய ‘ஹில்பில்லி’ என்னும் ஏளனச் சொல்லே அவ்விசைக்குப் பெயராகிவந்த காலம் அது. அதனால் அவர் அதே ஆண்டுகளில் ‘மெலடி மென்’ என்ற வேறு குழுவின் பெயரில் மென்மையான பாடல்களையும் பதிவு செய்தார்.

டானர் பக்கத்திலும் நியாயம் உண்டு. கோழிப்பண்ணை உழவரான அவர் எவரைப் போலவும் மாற விரும்பவில்லை. தம் தந்தையர் காலத்து இசையைத் தமக்குத் தெரிந்த முறையில் வாசித்தார். கூட்டம் சிரித்தால் மகிழ்ந்தார். ஒருவர் சிரிப்பினால் தம்மைக் காத்துக்கொண்டார்; மற்றவர் சிரிப்பிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ள விரும்பினார். இவ்விரு நாட்டமும் ஒரே தட்டில் மோதியதே அவ்விசையின் உயிர்ப்புக்குக் காரணம்.

இங்கு மற்றொன்றையும் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று. தம்மைத் தாமே எள்ளிச் சிரித்தவர்கள் எப்போதும் அவ்வெல்லைக்குள் நிற்கவில்லை. கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொற்கள் அக்காலப் பாடல்கள் சிலவற்றில் இடம்பெற்றன. கம்பெனிகளும் கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகளுக்குத் தனி வரிசை, வெள்ளையினக் கிராமியக் கலைஞர்களின் தட்டுகளுக்குத் தனி வரிசை எனப் பிரித்தே விற்றன. பாஞ்சோவைத் தந்தவர்களுக்குப் பாட்டில் கிடைத்தது ஏளனம். தன்னை எள்ளிச் சிரிப்பவன் வெல்லலாம். தன்னினும் எளியவனை எள்ளிச் சிரிப்பவன் தோற்றவனே.

பிரிவும் நிலைபேறும்

1929-இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தம் இசைத்தட்டு வணிகத்தை வீழ்த்தியது. உணவுக்கே வழியற்றவர் தட்டு வாங்குவது எங்ஙனம்? 1931-இல் இக்குழு கொலம்பியாவுக்காகக் கடைசியாக வாசித்தது. அதற்குள் 80-க்கும் மேற்பட்ட தட்டுப் பக்கங்களைப் பதிவு செய்திருந்தது. மக்மிச்சன் ‘ஜார்ஜியா வைல்ட்கேட்ஸ்’ என்னும் தம் குழுவைத் தொடங்கி, தாம் விரும்பிய நவீன இசைவழியில் சென்றார்.

1934-இல் டானரும் பக்கெட்டும் டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரில் அக்குழுவின் பெயரில் மீண்டும் பதிவு செய்தனர். மக்மிச்சன் இல்லாத அக்குழுவில் பிடில் வாசித்தவர் டானரின் மகன் கார்டன். அப்போது அவருக்கு வயது பதினேழு. அன்று பதிவான ‘டௌன் யாண்டர்’ என்னும் இசை பெருவெற்றி பெற்றது. பக்கெட் 1946-இலும் டானர் 1960-இலும் மக்மிச்சன் 1970-இலும் மறைந்தனர்.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். எள்ளப்பட்டபோது தாமே சிரித்தவர்கள் தோற்றார்களா, வென்றார்களா? அவர்களை நகையாடிய செய்தித்தாள்களின் பத்திகளை இன்று தேடிப் படிப்போர் சிலரே. ‘சட்டி நக்கிகள்’ என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர்களின் இசையோ இன்றும் கேட்கப்படுகிறது. இளைஞர்கள் அதனைக் கேட்டுப் பிடில் பயில்கின்றனர். ஒத்த கருத்தினர் இணைவது எளிது. ஒவ்வாத இருவர் இணைந்து, ஐந்தாண்டுக் காலம் ஒரே ஒலிவாங்கியின் முன் நின்றது அரிது. அந்நட்பு முழுமையானதன்று. ஆயினும் தனித்தனியே நின்றிருந்தால் பிறந்திராத ஒரு சிரிப்பு அதனால் பிறந்தது.

நம் ஊரிலும் நம்மவர் பேச்சையும் பாட்டையும் பிறர் கேலி செய்யக்கூடும். அதற்காக நாணி அவற்றை மறந்துவிடுதல் வேண்டா. கேலியில் நகை இருந்தால் நாமும் சிரிப்போம். சிரித்துக்கொண்டே நம் பாட்டைத் தொடர்வோம்.

பயிற்சி

1. ‘ஸ்கில்லட் லிக்கர்ஸ்’ என்னும் பெயரில் அமைந்துள்ள சிலேடையை விளக்குக.

2. மின் ஒலிப்பதிவு முறை இக்குழுவின் நகைச்சுவைக்கு எவ்வாறு துணைநின்றது?

3. டானர், மக்மிச்சன் ஆகிய இருவருள் எவர் கருத்து உமக்கு உடன்பாடு? காரணம் காட்டி ஒரு பத்தி எழுதுக.

4. உம் வகுப்பில் வெவ்வேறு மாநிலத்து மாணவர் இருப்பர். அவர்களுள் ஒருவரிடம் அவர் ஊரில் வழங்கும் நகைச்சுவைப் பாட்டைப் பற்றிக் கேட்டறிந்து, அது எவரைப் பார்த்துச் சிரிக்கிறது என்பதைத் தமிழில் ஐந்து தொடர்களில் எழுதுக.